சர்வநந்தி முனிவர் அளந்த கடல்

சக ஆண்டு 380. காஞ்சியில் பல்லவன் சிம்மவர்மன் அரியணை ஏறி 22-ஆம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. சனி உத்திராடத்திலும் வியாழன் இடபத்திலும் நிற்க, வளர்பிறைத் திங்கள் உத்திரத்தை அடைந்த ஒரு நாளில், பாண நாட்டுப் பாடலிகம் என்னும் ஊரில் திகம்பர முனிவர் ஒருவர் தாம் எழுதிவந்த நூலை நிறைவு செய்தார். நூல் உலோகவிபாகம், முனிவர் சர்வநந்தி. இக்குறிப்புகளைக் கொண்டு அந்நாளைக் கி.பி. 458, ஆகஸ்டு 25 என்று அறிஞர் கணித்துள்ளனர்.

தமிழ்நாட்டோடு தொடர்புடைய பழஞ்சமணச் சான்றோருள், தம் வாழ்வின் ஒரு செயலுக்கேனும் இவ்வளவு துல்லியமாக நாள் குறிக்கப்பெற்றவர் மிகச் சிலரே. குந்தகுந்தர், சமந்தபத்திரர் ஆகியோரின் காலத்தை நூற்றாண்டுக் கணக்கில்தான் பேச முடிகிறது. அதிலும் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. சர்வநந்தி முனிவருக்கோ ஆண்டு, அரசன், ஊர், கோள்நிலை என்ற நான்கும் ஒருசேரக் கிடைக்கின்றன. அவருடைய பெற்றோர், பிறந்த ஊர், குலம் ஆகியவற்றை நூல் கூறவில்லை. துறவேற்ற நாளில் ஆடையோடும் அணியோடும் அவற்றையும் களைந்துவிட்டவரிடம் அக்குறிப்புகளை எதிர்பார்ப்பதும் முறையன்று. மயிற்பீலியும் கமண்டலமும் தவிர உடைமை ஏதுமில்லாத ஒருவர் தம்மைப் பற்றி விட்டுச்சென்றது ஒரு பெயரையும் ஒரு நாளையும் மட்டுமே. பிற்காலத்தார் அவரை நினைவுகூர்வது இவற்றோடு ஓர் எண்ணைக் கொண்டும் ஆகும். அந்த எண் 13107200000; அதாவது 1,310 கோடியே 72 இலட்சம்.

பாடலிகம் என்பது கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் என்பது பெரும்பாலோர் கொள்கை. பாடலி என்பதும் பாதிரி என்பதும் ஒரே மரத்தின் பெயர்கள். அவ்வூரில் பெரியதொரு சமணப் பள்ளி இருந்ததைச் சைவ நூல்களே உரைக்கின்றன. அப்பரடிகள் தருமசேனர் என்ற பெயரோடு சமணத் தலைவராக விளங்கியது அப்பள்ளியில்தான் என்றும், பின்னாளில் பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்து அக்கற்களால் திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அது ஏழாம் நூற்றாண்டுச் செய்தி. சர்வநந்தியார் அங்கே அமர்ந்து எழுதிய காலம் அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முந்தையது.

ஆகஸ்டு மாதம் என்பதிலும் ஒரு செய்தி உண்டு. மழைக்காலத்தில் மண்ணெங்கும் சிற்றுயிர்கள் பெருகும். அவற்றை மிதித்துத் துன்புறுத்தலாகாது என்பதற்காக முனிவர் நான்கு மாதம் ஓரூரிலேயே தங்குவர். மற்றைய எட்டு மாதமும் நடந்துகொண்டே இருப்பவருக்கு ஏட்டை விரித்து அமர இடம் தருவது இந்தச் சாதுர்மாச யோகமே. சர்வநந்தியாரின் நூல் முற்றுப்பெற்ற நாளும் அந்த நான்கு மாதத்துள் அடங்குகிறது.

அவர் வாழ்ந்த காலம் தென்னாட்டுச் சமணம் தழைத்திருந்த காலம். அவர் நூல் முடித்துப் பன்னிரண்டு ஆண்டு சென்றபின், விக்கிரம ஆண்டு 526-இல், வச்சிரநந்தி முனிவர் தென்மதுரையில் திராவிட சங்கம் நிறுவினார் என்று தேவசேனரின் தரிசனசாரம் கூறும். வடக்கே காஞ்சியில் பல்லவர் ஆண்டனர். வேகவதி அந்நகரைத் தழுவி ஓடி, பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடல் அருகே பாலாற்றோடும் சேயாற்றோடும் கலக்கிறது. அந்த வேகவதிக் கரையில்தான் சினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றமும் இருக்கிறது. பருத்திக்குன்றில் வர்த்தமானருக்கு உரிய பள்ளிச்சந்தத்தைப் பற்றிப் பேசும் பள்ளன்கோயில் செப்பேட்டிலும் சிம்மவர்மன் என்ற பெயர் வருகிறது. ஆனால் அவன் சிம்மவிஷ்ணுவின் தந்தை. ஏறத்தாழ நூறாண்டு பிற்பட்டவன். உலோகவிபாகம் குறிக்கும் சிம்மவர்மன் வேறு. பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராக்கிவிடுவோர் இன்றும் உளர்.

உலோகவிபாகம் என்பதற்கு உலகத்தின் பகுப்பு என்று பொருள். இன்று கிடைக்கும் வடிவத்தில் அது பதினொரு பகுதிகள் கொண்டது. நாவலந்தீவில் தொடங்கி, இலவண சமுத்திரம், மக்கள் வாழும் பகுதி, அப்பாலுள்ள தீவுகளும் கடல்களும், காலம், சோதிடர் உலகம், பவணர், கீழுலகம், வியந்தரர், சுவர்க்கம் என்று விரிந்து, வீட்டுலகில் முடிகிறது. கதை இல்லை, உவமை மிகுதி இல்லை, எங்கும் அளவைகள். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, எண்ணிக்கை இவ்வளவு என்றே நூல் நடக்கும். பக்தியோடு திறப்பவர் சிலர் பத்துச் செய்யுளுக்குள் மூடிவிடுவதும் உண்டு. சர்வநந்தியாரின் இயல்பை அறிய வேண்டுமானால் இந்த வறட்சியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். நடுவில் நாவலந்தீவு, வட்டமானது, குறுக்களவு ஓர் இலட்சம் யோசனை. அதைச் சூழ்ந்து வளையமாக இலவண சமுத்திரம். அகலம் இரண்டு இலட்சம். அதைச் சூழ்ந்து தாதகிகண்டம், நான்கு இலட்சம். பின் காலோத சமுத்திரம், எட்டு இலட்சம். பின் புட்கரவர தீவு, பதினாறு இலட்சம். இப்படித் தீவும் கடலும் மாறி மாறி வர, ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இருமடங்கு அகலம் உடையதாகும். புட்கரவர சமுத்திரத்தையும், வாருணிவரம், க்ஷீரவரம், கிருதவரம், க்ஷௌத்ரவரம் என்னும் நான்கு தீவுகளையும் அவற்றின் கடல்களையும் கடந்தால், பதினைந்தாம் இடத்தில் நந்தீசுவர தீவு நிற்கும். ஐம்பத்திரண்டு சினாலயங்கள் உள்ள அத்தீவை ஆடி, கார்த்திகை, பங்குனி மாதங்களின் அட்டானிக பூசையில் ஆண்டுக்கு மூன்று முறை வழிபடாத சமண இல்லம் இல்லை. அதன் அகலம் 163 கோடியே 84 இலட்சம் யோசனை. அதற்கு அப்பால் நந்தீசுவர சமுத்திரம் 327 கோடியே 68 இலட்சம். அருணவர தீவு 655 கோடியே 36 இலட்சம். பதினெட்டாவதாகிய அருணவர சமுத்திரமோ 1,310 கோடியே 72 இலட்சம் யோசனை. சர்வநந்தியாரின் பெயரோடு பிணைந்துவிட்ட எண் இதுவே. உலோகவிபாகத்தின் நான்காம் பகுதியில் இது வருகிறது.

கோடி என்று சொல்லிக் கடந்துவிட்டால் அளவு மனத்தில் நிற்காது. பழையசீவரத்தில் பாலாற்றுக்குள் இறங்கி, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் அப்படுகையில், ஒரு சாண் குறுக்களவுள்ள வட்டம் ஒன்றைக் கீறுவதாகக் கொள்க. அதுவே நாவலந்தீவு. அதைச் சுற்றி இரு சாண் அகலத்தில் இலவண சமுத்திரம். அதைச் சுற்றி நான்கு சாணில் தாதகிகண்டம். மனிதர் செல்லக்கூடிய எல்லை புட்கரவர தீவின் நடுவே வளைந்து நிற்கும் மானுசோத்தர மலைவரைதான். அதுவரை உள்ள இரண்டரைத் தீவுப் பரப்பின் குறுக்களவு 45 இலட்சம் யோசனை. மணலில் 45 சாண், அதாவது 34 அடிக்குச் சற்றே குறைவு. ஒரு கூடத்துக்குள் அடங்கிவிடும். இரட்டித்துக்கொண்டே போனால், நந்தீசுவர தீவு ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோமீட்டர் தொலைவில் தொடங்கி ஏழரையில் முடியும். வாலாஜாபாத் அதற்குள் விழும். அருணவர தீவு பதினைந்தாம் கிலோமீட்டரில் தொடங்கும். காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் அந்த வளையத்தில் இருக்கும். அருணவர சமுத்திரத்தின் உட்கரை முப்பதாம் கிலோமீட்டரில், வெளிக்கரை அறுபதில். வந்தவாசி, அரக்கோணம், மாமல்லபுரம், சென்னைக் கோட்டை யாவும் அந்த ஒரு கடலுக்குள் மூழ்கிவிடும். ஒரு சாண் வட்டத்தில் தொடங்கிய கோலம் பதினேழு முறை இரட்டித்தவுடன் வங்கக் கடலுக்குள் இறங்கிவிடுகிறது.

மானுசோத்தர மலைக்கு அப்பால் மனிதக் கால் செல்லாது. கணக்கு மட்டுமே செல்லும். அங்கே அளவுகோலைக் கொண்டுபோய் வைத்தவர் யாரும் இல்லை என்பது சர்வநந்தியாருக்கும் தெரியும். பரம்பரையாக வந்த ஆகமச் செய்தி ஒன்று. அதன்மேல் பிழையற்ற பெருக்கல் ஒன்று. இவ்விரண்டையும் கொண்டே அவர் அக்கடலை அளந்தார்.

அந்த எண்ணின் உள்ளமைப்பு வியப்புக்குரியது. ஐந்து சுழிகளை நீக்கினால் எஞ்சுவது 131072. இது இரண்டைப் பதினேழு முறை தன்னோடு தானே பெருக்கினால் வருவது. முழு எண்ணையும் பகா எண்களாகப் பிரித்தால் இருபத்திரண்டு இரண்டுகளும் ஐந்து ஐந்துகளும் கிடைக்கும். வேறொரு பகா எண் உள்ளே இல்லை. மூன்றாலும் ஏழாலும் பதினொன்றாலும் அது வகுபடாது. ஆனால் ஒன்றையும் தன்னையும் சேர்த்து 138 எண்களால் மீதியின்றி வகுபடும். இக்காலக் கணிப்பொறிகள் எண்களை இரண்டின் அடுக்குகளாகவே கையாள்கின்றன. அவற்றின் நினைவகத்தில் 128 கிலோபைட்டு என்று சொல்லப்படுவது சரியாக 131072 பைட்டுகள். அருணவர சமுத்திரத்தின் அகலத்தை இலட்சம் யோசனைகளில் சொன்னால் வருவதும் அதே எண். இதைக் கண்டு கணிப்பொறியை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று மேடையேறிச் சொல்ல வேண்டியதில்லை. இரட்டித்தல் எங்கு நடந்தாலும் இந்த எண் வரும் என்பதே உண்மை.

மற்றொரு பண்பும் உண்டு. அருணவர சமுத்திரத்துக்கு உள்ளே அடங்கிய பதினேழு வளையங்களும் சேர்ந்த பெருவட்டத்தின் குறுக்களவு 2,62,141 இலட்சம் யோசனை. அச்சமுத்திரத்தின் அகலத்தை இரட்டித்தால் 2,62,144 இலட்சம். வேறுபாடு மூன்றே இலட்சம். இது இக்கடலுக்கு மட்டும் உரியதன்று. எந்த வளையத்தின் அகலத்தையும் இரட்டித்து மூன்று இலட்சத்தைக் கழித்தால் அதன் உள்வட்டக் குறுக்களவும், நான்மடங்காக்கி மூன்று இலட்சத்தைக் கழித்தால் வெளிவட்டக் குறுக்களவும் வந்துவிடும். இலவண சமுத்திரத்தில் சோதித்துப் பார்க்கலாம். இரண்டை இரட்டித்தால் நான்கு. மூன்று போக ஒன்று. அதுவே நாவலந்தீவின் குறுக்களவு. சமண உலகநூல் ஆசிரியர்கள் இவ்விதியை நன்கு அறிந்து பயன்படுத்தினர்.

கணித வரலாற்றாசிரியர் இந்த எண்ணைத் தேடி வந்ததற்குக் காரணம் அதன் பருமன் அன்று. அது சொல்லப்பட்ட முறை. நூலில் அது கோடி, இலட்சம் என்று கூறப்படவில்லை. வலக்கோடி இலக்கத்தில் தொடங்கி இடப்பக்கமாக, ஒவ்வோர் இலக்கமும் அதனதன் பெயரால் அடுக்கப்படுகிறது. முதலில் சூனியம் ஐந்து; பின்னர் இரண்டு, ஏழு; அடுத்த சுழிக்கு ஆகாயத்தைக் குறிக்கும் சொல்; அதன்பின் ஒன்று, மூன்று; இறுதி ஒன்றுக்கு ரூபம் என்ற சொல். நிற்கும் இடமே மதிப்பைத் தருகிறது. வெற்றிடத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆரியபடர் தம் நூலை இயற்றியது கி.பி. 499-ஐ ஒட்டி, கல்லில் சுழி வெட்டப்பட்ட குவாலியர்ச் சாசனம் கி.பி. 876. உலோகவிபாகத்தின் நாளோ 458. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் இஃப்ரா தம் எண் வரலாற்றில், சுழியோடு கூடிய இடமதிப்பு முறைக்கு நாள் குறித்த மிகப் பழைய சான்றாக இந்நூலை முன்வைத்தார்.

அந்த எண்ணில் கடைசி ஐந்து சுழிகளைவிட நடுவில் நிற்கும் ஒற்றைச் சுழியே அருமையானது. அது கோடியின் இடத்தில் நிற்கிறது. பழந்தமிழ் எண் முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தமையால் சுழிக்குத் தேவையே எழவில்லை. இடமதிப்பு முறையில் அப்படியன்று. அந்த ஆகாயத்தை ஏடெழுதுவோர் ஒருவர் விட்டுவிட்டால் எண் 131 கோடியே 72 இலட்சமாகச் சுருங்கிவிடும். நந்தீசுவர தீவின் அகலம் 163 கோடியே 84 இலட்சம் அல்லவா? அதற்கு மூன்று வளையம் அப்பால் இருக்க வேண்டிய பெருங்கடல், உள்ளே இருக்கும் தீவைவிடச் சிறியதாகிவிடும். ஒரு சுழி தவறினால் உலகத்தின் அமைப்பே குலைந்துபோகும்.

இங்கேதான் சர்வநந்தியாரின் வரலாற்றில் ஒரு சிக்கல் எழுகிறது. அவர் கையால் எழுதிய நூல் இன்று இல்லை. அது பிராகிருதத்தில் இருந்திருக்கும் என்று கருதப்படுகிறது. அதன் ஓர் ஏடும் எஞ்சவில்லை. கிடைப்பது சிம்மசூரி என்ற பின்னோர் ஒருவர் வடமொழியில் இயற்றிய உலோகவிபாகம். ஆசிரியர் வழியாக வந்த நூலை மொழிமாற்றி அமைத்ததாகச் சிம்மசூரி தாமே கூறுகிறார். முன்னாளில் சர்வநந்தி முனிவர் எழுதிய ஊரையும் நாளையும் அரசனையும் நூலின் முடிவில் போற்றிக் காக்கிறார். தம் பெயரைச் சொல்லி முதலாசிரியர் பெயரை மறைத்துவிடும் வழக்கம் எக்காலத்தும் இருந்தது. சிம்மசூரி அதைச் செய்யவில்லை. நூலின் அளவை அனுட்டுப் யாப்பில் 1536 என்று கணக்கிட்டுச் சொல்லும் குறிப்பும் அங்கே இருக்கிறது. மூன்றை ஒன்பது முறை இரட்டித்தால் 1536 வரும். தற்செயலாகவே இருக்கட்டும், இந்த நூலுக்கு அது பொருந்துகிறது.

ஆனால் சிம்மசூரி வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். திலோயபண்ணத்தி, ஆதிபுராணம், திரிலோகசாரம் ஆகியவற்றின் பொருளையும் அவர் எடுத்தாள்கிறார். ஆகவே அவர் திரிலோகசாரம் தோன்றியபின், சர்வநந்தியாருக்கு ஐந்து நூற்றாண்டுக்கு மேல் பிற்பட்டு வாழ்ந்தவராதல் வேண்டும். அங்ஙனமாயின் சூனியம், ஆகாயம், ரூபம் என்ற சொல்லடுக்கு யாருடையது? 458-இல் பாடலிகத்தில் எழுதப்பட்டதா? அல்லது சுழி எங்கும் பரவிவிட்ட காலத்தில் சிம்மசூரி தம் வடமொழிச் செய்யுளுக்காக அமைத்துக்கொண்டதா? சுழியின் முதற்சான்று தமிழ் மண்ணில் ஒரு சமணப் பள்ளியில் பிறந்தது என்ற பெருமிதம் இந்த ஒரு வினாவின்மேல் நிற்கிறது. ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதுபோல் அதை முழக்குவோர் சர்வநந்தியாருக்கு நன்மை செய்வதில்லை. முதல் நூல் கிடைக்காத வரையில், சொல்லடுக்கு அவருடையதாக இருக்கலாம் என்ற அளவில் நிற்பதே நேர்மை.

சொல்லைப் பற்றித்தான் இந்த ஐயம். எண்ணைப் பற்றி அன்று. நாட்டு வரலாறு கூறும் நூல் ஒன்று தொலைந்து மொழிபெயர்ப்பு மட்டும் எஞ்சினால், அதிலுள்ள எண்களை நம்புவது கடினம். படைகளின் தொகையோ ஆட்சியாண்டோ எழுதுபவன் கை தவறினால் மாறிவிடும். மாறியது வெளியே தெரியாது. 13107200000 அத்தகைய எண் அன்று. அது தன் காவலைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது. அதைப் பாதியாக்கிக்கொண்டே வந்தால் பதினேழாம் முறை சரியாக ஓர் இலட்சத்தில் வந்து நிற்க வேண்டும். இடையில் இலட்சத்தின் பின்னம் எங்கும் தோன்றக் கூடாது. நடுச்சுழியை இழந்த 131 கோடியே 72 இலட்சத்தை இவ்வாறு சோதித்தால் மூன்றாம் முறையிலேயே அரை இலட்சம் தலைகாட்டிவிடும். இரண்டும் ஏழும் இடம் மாறினால் 1,310 கோடியே 27 இலட்சம். முதல் முறையிலேயே அரை வந்துவிடும். ஏழும் சுழியும் இடம் மாறினால் இரண்டாம் முறை. ஆகவே ஏடெழுதியோர் எத்தனை பேர் கை மாறியிருந்தாலும், மொழியே மாறியிருந்தாலும், சர்வநந்தியார் தம் நூலில் அருணவர சமுத்திரத்துக்கு அகலம் கூறியிருப்பின் அது இந்த எண்ணாகத்தான் இருந்திருக்க முடியும். நாவலந்தீவின் ஓர் இலட்சமும் இரட்டிக்கும் நெறியும் அவருக்கு முன்பிருந்தே வருபவை. அவற்றை ஏற்றவர் வேறெந்த எண்ணையும் எழுத முடியாது.

இடமதிப்பு முறை இல்லாமலும் இக்கணக்கைப் போட முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதினேழு முறை இரட்டிப்பதற்கு மணிகளும் பொறுமையும் போதும். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கோடிகள் வரும் ஒரு துறையில் நாள்தோறும் உழைத்தவர்களுக்கு, எண்களைச் சுருக்கமாகவும் பிழையின்றியும் சொல்லும் முறை ஒன்றின் தேவை மற்றவர்களைவிட முன்னதாகவே தோன்றியிருக்கும். வணிகருக்கும் அரசிறைக் கணக்கருக்கும் இலட்சமே பெரிது. ஆயிரத்து முந்நூறு கோடியைக் கையாள வேண்டியவர் உலகநூல் எழுதிய முனிவரே. சுழி சமணப் பள்ளிகளில் விரும்பி வரவேற்கப்பட்டிருக்கும் என்று எண்ணுவதற்கு இது போதிய காரணம்.

பல நூற்றாண்டு மறைந்து கிடந்த சிம்மசூரியின் ஏடு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர்த் தொல்லியல் துறையைச் சேர்ந்த ஆர். நரசிம்மாச்சாரின் கண்ணில் பட்டது. அவர் முதலில் கண்டது எண்ணை அன்று, அரசன் பெயரை. பல்லவரின் பழைய செப்பேடுகள் அரசனின் ஆட்சியாண்டை மட்டுமே குறிக்கும். எந்தச் சகாப்தத்தோடும் அவை இணைவதில்லை. யார் முன், யார் பின் என்று வரிசைப்படுத்தலாமே ஒழிய ஆண்டு சொல்ல இயலாது. சர்வநந்தியார் மட்டும் சிம்மவர்மனின் 22-ஆம் ஆண்டையும் சக ஆண்டு 380-ஐயும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். கழித்துப் பார்த்தால் சிம்மவர்மன் அரசேற்றது கி.பி. 436-ஐ ஒட்டி என்று தெரிந்தது. அந்த ஒரு புள்ளியில் முளையடித்துக்கொண்டுதான் முற்காலப் பல்லவர் வரலாற்றின் ஆண்டுகளை முன்னும் பின்னும் அளந்தார்கள். காஞ்சி மன்னர்கள் செம்பில் பொறிக்காத ஆண்டைப் பொருளற்ற துறவி ஒருவர் ஓலையில் எழுதிவைத்தார்.

1962-இல் சோலாப்பூரின் சீவராச சைன கிரந்தமாலை வாயிலாகப் பாலசந்திர சித்தாந்த சாஸ்திரி உலோகவிபாகத்தைப் பதிப்பித்தார். பாடலிகத்தில் முடிந்த நூல், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்து, மொழி மாறி, எழுத்து மாறி, மராத்திய நாட்டில் அச்சேறியது. அதன் நான்காம் பகுதியில், வலமிருந்து எட்டாம் இடத்தில், அந்த ஆகாயம் விடுபடாமல் இருக்கிறது.